குடியால் கல்லீரல் கெட்டவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஈரல் சுருங்கிப் போச்சு, இனிமே ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது" என்று சொல்லி, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார் மருத்துவர். ஓ.பி.யில் வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது அவரால் அதற்கு மேல் பேச முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு சோறு எப்படிப் போடுவது, எந்த மாத்திரை ஆகாது, ராத்திரியில் உளறினால் என்ன செய்வது என்பதெல்லாம் மனைவி, அம்மா, அண்ணன், மகள் தலையில் வந்து விழும். அப்படித் திடீரென்று பொறுப்பு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் அண்ணனை இப்படிப் பார்த்துக்கொண்டோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் குடிப்பதும் குடிக்காமல் இருப்பதும் உங்கள் கையில் முழுதாக இல்லை. ஆனால் சாப்பாடு, மருந்து, ஆபத்து அறிகுறிகளைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. பல வீடுகளில் முழுச் சக்தியும் பாட்டிலைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. அந்தச் சக்தியை இந்த மூன்றுக்கும் திருப்புங்கள்.

முதலில்: எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

குடியால் வரும் கல்லீரல் பாதிப்பு ஒரே நோய் அல்ல. ஈரலில் கொழுப்பு படிவது முதல் நிலை. குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது ஈரல் அழற்சி. திடீரென்று கடுமையான மஞ்சள் காமாலையோடு வரும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். மூன்றாவது சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போவது. இதிலும் இரண்டு கட்டம் உண்டு. ஈரல் சுருங்கியிருந்தாலும் வேலையைச் சமாளித்துக்கொண்டிருப்பது ஒன்று. வயிற்றில் நீர் கோப்பது, ரத்த வாந்தி, மூளைக் குழப்பம், காமாலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் அது சமாளிக்க முடியாத கட்டம். அந்தக் கட்டத்திலும் குடியை முழுதாக விட்டவர்களில் சிலர் நன்றாகத் தேறி வருகிறார்கள். அதனால் "முடிஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஒரு தடிமனான ஃபைல் வாங்கி எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் பிலிருபின், அல்புமின், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்), கிரியேட்டினின், சோடியம், பிளேட்லெட் ஆகிய ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் புது டாக்டர் ஒருவர் பார்க்கும்போது அந்த ஒரு தாள் பெரிய உதவி. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் என்சைம் அளவுகள் நார்மலாக இருப்பதைப் பார்த்து "ஈரல் சரியாயிடுச்சு" என்று நினைத்துவிடுவார்கள். சிரோசிஸ் முற்றியவர்களுக்கும் அவை நார்மலாக இருக்கலாம். ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை பிலிருபின், அல்புமின், ஐஎன்ஆர் மூன்றும்தான் சொல்லும்.

குடியை நிறுத்துவது: வீட்டில் வைத்துத் திடீரென்று வேண்டாம்

தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்து இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாக மோசமாகலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிரே போகும். ஈரல் கெட்டவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஐயப்பனுக்கு மாலை போட்டாலோ கோயிலில் கயிறு கட்டினாலோ விட்டுவிடுவார் என்று நம்புகிற குடும்பங்கள் நிறைய. அந்த வைராக்கியம் நல்லதுதான், நிச்சயம் துணை நிற்கும். ஆனால் முதல் வாரம் மருத்துவமனையில் இருக்கட்டும், மாலையை அதற்கப்புறம் போட்டுக்கொள்ளலாம். அங்கே நரம்புக்கு வேண்டிய தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். அதைப் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருந்து கேட்பதில் தப்பே இல்லை.

"அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் போகச் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். அந்த மருந்து ஈரலையும் கெடுக்கக்கூடியது. குடி வேட்கையைக் குறைக்க மருந்தே இல்லாமல் இல்லை. சிரோசிஸ் உள்ளவர்களிடமே சோதித்துப் பார்த்தது பேக்லோஃபென். அதுவும் மூளைக் குழப்பம் வந்தவருக்கு ஆகாமல் போகலாம் என்பதால் ஈரல் மருத்துவரும் மனநல மருத்துவரும் பேசித்தான் தர வேண்டும்.

மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், அது மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள். வயிற்றில் நீர் கோத்த ஒருவரை மூன்று மாதம் பூட்டி வைக்கும் இடத்தில் விட்டுவிட்டு வருவது அவரைக் காப்பாற்றாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிமீட்பு சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

பீர், ஒயின் என்று இறங்கி வருவதற்குப் பேரம் பேசுவார். சிரோசிஸுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அந்தப் பேச்சை நீட்டாமல் முடித்துவிடுங்கள்.

சமையல்: நம் வீடுகளில் அதிகம் தவறு நடக்கும் இடம்

காமாலை என்றாலே பத்தியம் என்று ஊறிப்போயிருக்கிறது. எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, வெறும் மோர்ச்சோறும் கஞ்சியும் என்று வைத்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் தோள் எலும்பு துருத்தி, தொடை சூம்பி, வயிறு மட்டும் பெரிதாகத் தெரியும். சிரோசிஸ் தசையைத் தின்னும் நோய். தசை குறையக் குறைய மூளைக் குழப்பமும் தொற்றும் சுலபமாக வரும்.

அதனால் புரதத்தைக் குறைக்கவே கூடாது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். (வயிற்றில் நீர் இருந்தால் அதன் எடையைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும், மருத்துவரிடம் கேளுங்கள்.) ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். காலையில் இட்லியோடு முட்டை, பதினொரு மணிக்குப் பாசிப்பயறு சுண்டல், மதியம் பருப்பும் மீனும் தயிரும், சாயங்காலம் பொட்டுக்கடலை, ராத்திரி தோசையோடு பனீரோ முட்டையோ என்று நாள் முழுக்கப் பிரித்துத்தான் கொடுக்க முடியும். வயிற்றில் நீர் இருப்பவருக்கு நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும், ஒரே வேளையில் தட்டு நிறைய வைத்துத் திட்டிப் பயனில்லை.

படுக்கப் போகுமுன் கட்டாயம் ஏதாவது கொடுங்கள். ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் போதும், கேழ்வரகுக் கஞ்சியும் சரிதான். இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது, ஈரல் சுருங்கியவருக்கு, நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். சஷ்டி, ஏகாதசி, நோன்பு எதுவாக இருந்தாலும் இவருக்கு உபவாசம் கூடாது. சாமி கோபித்துக்கொள்ளாது என்று அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உப்பு விஷயம் நீர் கோத்தவர்களுக்கு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். உணவிலேயே இயல்பாகக் கொஞ்சம் இருப்பதால் முக்கால் டீஸ்பூன் என்று வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் செய்தது இதுதான்: காலையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் முக்கால் டீஸ்பூன் உப்பை எடுத்து வைத்துவிடுவோம். குழம்பு, பொரியல் எல்லாம் உப்பில்லாமலே அடுப்பில் இருந்து இறங்கும். அண்ணனுக்கு எடுத்து வைத்த பங்கில் அந்த டப்பாவில் இருந்து மட்டும் போடுவோம், மீதிக் குழம்பில் எங்களுக்கு உப்பு. இட்லி மாவிலும் உப்புப் போடுமுன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவிடுவோம். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். உப்பு குறைந்தால் சாப்பிட மாட்டார், அதனால் எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி, பூண்டைத் தாராளமாகப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் சூப் வீட்டுக்குள் வராமல் இருப்பது நல்லது. உப்பைக் குறைக்கப் போய் சாப்பாட்டையே குறைத்துவிடாதீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் சாப்பாட்டைக் காப்பாற்றுங்கள், உப்பைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. நீர் பிரியக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் கொண்டுவரும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். மருத்துவரிடம் கேட்காமல் தினமும் கொடுக்காதீர்கள்.

மருந்து: எதற்கு எது என்று தெரிந்து கொடுங்கள்

லாக்டுலோஸ் சிரப்பை "மலச்சிக்கல் மருந்து" என்று நினைத்து, வயிறு ஒருமுறை போனதும் நிறுத்திவிடுவார்கள். இது மூளைக்கான மருந்து. ஈரல் வடிகட்டாமல் விடும் அம்மோனியாவைக் குடல் வழியாக வெளியேற்றுவது அதன் வேலை. ஒரு நாளைக்கு 2, 3 முறை இளக்கமாகப் போக வேண்டும், அதுதான் அளவு. ஒருமுறைகூடப் போகவில்லை என்றால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டுங்கள், தண்ணீராக ஐந்தாறு முறை போனால் குறையுங்கள். நீர்ச்சத்து வற்றினாலும் குழப்பம் வரும். தித்திப்பு ஒவ்வாதவருக்கு எலுமிச்சைச் சாற்றில் கலந்து கொடுக்கலாம்.

புரோப்ரனலாலோ கார்வெடிலாலோ கொடுத்திருந்தால் அது உணவுக்குழாயில் புடைத்திருக்கும் ரத்த நாளங்கள் வெடிக்காமல் இருக்க. "பிரஷர் இல்லையே, எதுக்கு பிரஷர் மாத்திரை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

உடம்பு வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டும் கூடாது. சிறுநீரகம் கெடும், ரத்தக் கசிவும் வரும். பாராசிட்டமால் பயப்பட வேண்டிய மருந்தல்ல, மருத்துவர் சொன்ன அளவில், ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள், கொடுக்கலாம். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

நாட்டு மருந்து பற்றி எல்லா வீட்டிலும் பேச்சு வரும். கீழாநெல்லி மீது நமக்கெல்லாம் பெரிய நம்பிக்கை. ஆனால் இந்த நோயைக் கீழாநெல்லி குணப்படுத்துவதாக நிரூபணம் இல்லை. காமாலைக்குக் கொடுக்கும் சில கஷாயங்களில் உலோகக் கலப்பும் இருக்கிறது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரலைச் சோதனைக்கு வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

தினமும் பார்க்க வேண்டிய இரண்டு

ஒன்று எடை. காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். மாத்திரை சாப்பிட்டு வேகமாக இறங்கினாலும் சொல்ல வேண்டும். கால் வீக்கம் இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது.

இன்னொன்று கையெழுத்து. ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் காலையில் தேதி போட்டு அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மூளைக் குழப்பம் வருவதற்கு முன்பே எழுத்து கோணலாகும், கோடு விட்டு இறங்கும், ஒரு எழுத்து விட்டுப்போகும். முந்தின பக்கத்தோடு ஒப்பிட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கைகளை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது, எரிச்சல், சட்டை பித்தானைத் தப்பாகப் போடுவது எல்லாம் அதே வரிசைதான்.

இதை மறக்காதீர்கள்: மூளைக் குழப்பம் பார்ப்பதற்குப் போதை போலவே இருக்கும். நாக்குக் குழறும், நடை தள்ளாடும். "திரும்பக் குடிச்சுட்டு வந்துட்டார், கிடக்கட்டும்" என்று கதவைச் சாத்தித் தூங்க விட்ட வீடுகளில் காலையில் எழுப்ப முடியாமல் போயிருக்கிறது. சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், குடித்திருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை குழப்பம் வந்தவரிடம் வண்டிச் சாவியும் கொடுக்கக் கூடாது.

108-ஐ உடனே கூப்பிட வேண்டியவை

ரத்த வாந்தி. தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று நாற்றத்தோடு மலம் போவது. (இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பு இருக்காது. சந்தேகமென்றால் போய்விடுங்கள்.) எழுப்பினால் சரியாக முழிக்காதது. வலிப்பு. நீர் கோத்த வயிற்றோடு காய்ச்சலோ வயிற்று வலியோ வருவது, அது வயிற்று நீரில் தொற்று, சில மணி நேரத் தாமதமும் கெடுதல். சிறுநீர் மிகவும் குறைவது.

எண்டோஸ்கோப்பி செய்து புடைத்த ரத்த நாளத்தில் பேண்ட் (ரப்பர் வளையம்) போடும் வசதி உள்ள மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். வயிற்றில் இருந்து ஒரே தடவை 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் அல்புமின் பாட்டில் ஏற்றச் சொல்வார்கள். விலை அதிகம்தான், ஆனால் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே அது. பணம் பிடுங்குகிறார்கள் என்று மறுத்துவிடாதீர்கள்.

மறுபடியும் குடித்தால், அப்புறம் உங்களைப் பற்றி

மறுபடி குடிப்பது இந்த நோயில் நடக்கக்கூடியது. அதற்குத் தயாராக இருங்கள். குடித்திருக்கும்போது பேசாதீர்கள், மறுநாள் காலையில் பேசுங்கள். "நீ குடிச்சுக் குடிச்சே குடும்பத்தை அழிச்சே" என்று தொடங்கினால் அவர் எழுந்து போய்விடுவார். "என்னங்க, நேத்து கையெழுத்துப் போடும்போது கை தடுமாறுச்சு, எனக்குப் பயமா இருக்கு. இன்னைக்கே டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றால் வருவதற்கு வாய்ப்பு உண்டு. குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், மறைத்தால் மருந்தே தப்பாகிவிடும். அவருக்காக ஆபீஸுக்குப் பொய் சொல்வது, குடிக்கடனை அடைப்பது இரண்டையும் நிறுத்திக்கொள்வது கல்மனம் ஆகாது.

"நீ ஒழுங்காக் கவனிச்சிருந்தா அவன் ஏன் குடிக்கப் போறான்" என்று மாமியார் வீட்டில் சொல்வார்கள். எத்தனையோ பெண்கள் இதை நம்பிவிடுகிறார்கள். குடிநோய்க்கு நீங்கள் காரணம் அல்ல, உங்களால் அதை அடக்கவும் முடியாது. 'ஆல்-அனான்' என்ற அமைப்பு 1951-ல் இருந்து குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காகவே நடக்கிறது. தமிழில் பேசும் கூட்டங்களும் உண்டு, கட்டணம் இல்லை. ஒரு கூட்டத்துக்குப் போய் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம். கை நீட்டுகிறார் என்றால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள், நோயாளி என்பதற்காக அடி வாங்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். "அப்பாவுக்கு ஈரல் கெட்டுப்போச்சு, அதுக்குக் குடிதான் காரணம், உன் மேல ஒரு தப்பும் இல்ல." மறைத்தால் அவர்களாக எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள்.

பணம், மாற்று அறுவை சிகிச்சை

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றை ஃபைலிலேயே வைத்துவிடுங்கள். கல்லீரல் மாற்று சிகிச்சைக்கும் அதில் வழி உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். மூளைச்சாவு அடைந்தவர் கல்லீரலுக்கான வரிசையைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலான இடங்களில் ஆறு மாதமாவது குடிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதனால் ஆறு மாதம் கழித்துப் போகலாம் என்று இருக்காதீர்கள், இப்போதே போய்ப் பதிந்து பேசுங்கள். சிலருக்கு அந்தக் காலக்கெடுவைத் தளர்த்துவதும் உண்டு.

உறவினரும் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்குச் சில மாதங்களில் மறுபடி வளர்ந்துவிடும். ஆனாலும் அது பெரிய ஆபரேஷன். "பெத்த பிள்ளை கொடுக்காம வேற யார் கொடுப்பா" என்று கல்லூரி படிக்கும் மகனை நெருக்கும் குடும்பங்கள் உண்டு. மருத்துவர்கள் கொடுப்பவரிடம் தனியாகப் பேசுவார்கள். அப்போது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை இருக்கிறது. அதை வீட்டிலேயே அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

குடியை விட்டு நன்றாகத் தேறியவருக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் வேண்டும். சுருங்கிய ஈரலில் புற்றுநோய் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் வழி. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

தேறாத நிலை வந்தால்

மாற்று சிகிச்சைக்கும் வழியில்லை, வயிற்றில் நீர் திரும்பத் திரும்பக் கோக்கிறது, சிறுநீரகமும் போகிறது என்றால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்? ஐ.சி.யூ.வில் வைப்பதால் அவருக்கு நன்மை உண்டா?" கேட்காவிட்டால் பெரும்பாலும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அவர் தெளிவாக இருக்கும் நாட்களில் அவரிடமே விருப்பத்தைக் கேட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கின் நாமினி, நகைக் கடன் ரசீது, பி.எஃப்., பத்திரம் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது, குழப்பம் வந்த பிறகு கையெழுத்துச் செல்லாமல் போகலாம்.

வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை என்று அரசு மருத்துவமனைகளில் தனிப் பிரிவு இருக்கிறது. அரிப்பு, மூச்சுத் திணறல், வலி, குமட்டல் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் வழி உண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்காக வீட்டுக்கே செவிலியர் வருவார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். கடைசி வாரம் வரை காத்திருக்காமல், படுக்கையில் விழத் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.